போருக்குப் போட்ட ஓட்டு

"பேசினது போர் வேண்டாம்னு. ஓட்டுப் போட்டது வேணும்னு. இதுல எது நீங்க, வெண்டல்?"

தானியக் கிடங்கு வைத்திருக்கும் ராய் எழுந்து கேட்டதும் தேவாலயத்தின் கீழ்க்கூடமே சிரித்தது.

வெண்டல் ஸ்ட்ராண்ட் எங்கள் மினசோட்டா தொகுதியிலிருந்து காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, போன உறுப்பினர். தேர்தலுக்கு இன்னும் இரண்டே வாரம். மூன்று வருஷத்துக்கு முன் வாஷிங்டனில் போரைக் கண்டித்து முழங்கிவிட்டு, மறுநாளே அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். எதிர் வேட்பாளர் அந்தப் பேச்சையும் ஓட்டையும் ஒரே தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டிருந்தார்.

போன வருஷம்தான் அவர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தொகுதியிலிருந்து வரும் கடிதங்களை ஊர்வாரியாகக் கட்டி வைப்போம். ஒவ்வொன்றின் தலையிலும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறித்திருக்கும். அன்றைக்கு, போர் ஓட்டுக்கு முன் அந்த ஊர் எழுதிய கடிதக் கட்டு என் மடியில் இருந்தது. போர் வேண்டும் என்று இருநூற்றுப் பதினோரு பேர். வேண்டாம் என்று மூன்று பேர்.

இதை எடுத்து வீசினால் ஊர் வாயை மூடிவிடும் என்று வரும்போதே சொல்லியிருந்தேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இப்போது கையை நீட்டினார். கட்டைக் கொடுத்தேன்.

"ராய், ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. 'இன்னும் என்ன யோசனை, சீக்கிரம் போய் அடிங்க'ன்னு. கையெழுத்து உங்களோடதுதானே?"

ராய் காப்பி எடுக்கப் போகிறவர் போல நழுவினார். பின்வரிசையில் சில தலைகள் குனிந்தன. தங்கள் பெயரும் வந்துவிடுமோ என்ற பயம். எனக்குக் குளுகுளு என்றிருந்தது.

அப்போதுதான் மார்லிஸ் எழுந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். அந்தப் போரில் மகனைப் பறிகொடுத்தவர்.

"என் டேல் போய் ரெண்டு வருஷமாச்சு. நீங்க எல்லாம் அன்னிக்கு வேண்டாம்னு போட்டிருந்தா என் புள்ள உசுரோட இருப்பான். ஏன் போட்டீங்க, வெண்டல்?"

வெண்டல் கட்டைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. அடியில் மார்லிஸின் பெயர். தலையில் 'வேண்டும்'.

"படிங்க சார்," என்று கிசுகிசுத்தேன்.

அவர் அந்தத் தாளை உருவி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது, மார்லிஸ். வேற யாரோடதும் இல்ல."

ராய்தான் முதலில் கை தட்டினார், மார்லிஸுக்கு. பிறகு ஊரே தட்டியது. அந்தக் கைதட்டலிலேயே எங்கள் தேர்தல் முடிந்துவிட்டது.

காரில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த அம்மாவும்தானே போர் வேணும்னு எழுதியிருக்காங்க? ராய்க்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா? உங்களுக்கு முதுகெலும்பே இல்ல சார்."

அவர் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

'என் மகன் ஏற்கெனவே கப்பலில் போய்க்கொண்டிருக்கிறான். நீங்களே வேண்டாம் என்றால் அவனுக்குத் துணை யார்? தயவுசெய்து அவனைக் கைவிட்டுவிடாதீர்கள்.'

அதன் பின்னால், எங்கள் அலுவலகத்திலிருந்து அந்த அம்மாவுக்குப் போன பதிலின் நகல் குத்தியிருந்தது.

'அன்புள்ள மார்லிஸ், வேண்டாம் என்று போடத்தான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மகனுக்காக, நாளைக்கு வேண்டும் என்றே போடுகிறேன்.'