காப்பி ஆற்றும் கணவன்

இடைவேளைக்கு முன்பே பதினோராவது தடவையாக மனைவி அவர் காதைக் கடித்தாள்.

"நாவல்ல இப்படி இல்லவே இல்லை. அந்த ஆள் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். இங்க என்னடான்னா பொண்டாட்டிக்குக் காப்பி ஆத்துறான்."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "நாவலை மறந்துட்டுப் படத்தைப் பாரேன். எனக்கு அந்தக் கணவனை ரொம்பப் பிடிச்சிருக்கு. டைரக்டர் மனுஷனைப் புரிஞ்சு எடுத்திருக்கார்."

"பிடிக்காம என்ன செய்யும்? உங்களை வெச்சுதானே அந்த நாவலையே எழுதினேன். டைரக்டரும் உங்களைப் பார்த்துதான் மாத்திட்டார்."

"என்னைப் பார்த்தா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதை பேச ஒரு மாசம் நம்ம வீட்டுக்கு வந்தாரே, அந்த ஒரு மாசந்தானே நீங்க காப்பி போட்டீங்க. பாவம் மனுஷன், நம்பிட்டார்."