ஆட்டுக்குட்டியின் தலையை எடுத்தவர்கள்

“சாமி, அந்த ஆட்டுக்குட்டியோட தலையை எடுத்தது நான்தான்.”

பாவமன்னிப்புக் கூண்டின் கம்பிவலையில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார் பிளம்பர். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளம் பாதிரியார் பெருமூச்சு விட்டார்.

“பீடத்துக்கு மேல, கலர் கண்ணாடியில இருந்த ஆட்டுக்குட்டிதானே?”

“ஆமா சாமி. செவ்வாய்க்கிழமை மத்தியானம். உடம்புக்கு ஒண்ணும் ஆகல. தலை மட்டும் போயிடுச்சு.”

“எப்படி உடைச்சீங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலேயே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார் பிளம்பர். “குழாயைத் திருகிட்டு இருந்தேன். ஸ்பேனர் கை நழுவிடுச்சு.”

“கண்ணாடி இருபதடி உயரத்துல இருக்கு. நழுவுன ஸ்பேனர் கீழ விழுமா, மேல போகுமா?”

“தண்ணி வேகம் ஜாஸ்தி சாமி. அது தூக்கி அடிச்சிருச்சு.”

“கோயிலுக்குள்ள குழாயே கிடையாதே அண்ணே!”

ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனிதர், இந்த ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார். வேர்த்துவிட்டது.

“தண்ணி எங்கிருந்தோ வந்துச்சு சாமி. எனக்கு முன்னால வந்தவங்க சொன்னதை நம்பிடாதீங்க.”

“யார் என்ன சொன்னாங்கன்னு நான் வாயைத் திறக்கக் கூடாது.”

“நீங்க திறக்க வேணாம். தையல்காரம்மா சொன்னது பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. கத்திரிக்கோலை வீசுனாங்களாம்! ஊசியில நூல் கோர்க்கவே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுற ஆளு. பேக்கரிக்காரர் ரொட்டியால அடிச்சேன்னார். அந்த ரொட்டி உடைக்கும், அதை நான் மறுக்கல. ஆனா உடைச்சது நான்.”

பாதிரியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் தானே நேரில் வந்து விசாரிப்பதாக ஆயரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது வலை வழியாகவே தெரிந்தது.

“இன்னும் எத்தனை பேர் அண்ணே வெளியில?”

“நர்ஸம்மா, தபால்காரர். முன்னாடியே வந்துட்டுப் போன நாலு பேரையும் என்னையும் சேர்த்தா மொத்தம் ஏழு.”

“ஒரு பாவத்தை ஏழு பேர் சுமக்க முடியாது!”

“ஒருத்தரே எல்லார் பாவத்தையும் சுமந்தார்னு நீங்கதானே சாமி சொல்லிக் கொடுத்தீங்க? அதையே திருப்பிப் போட்டா செல்லாதா?”

கூண்டின் கதவு திறந்தது. பாதிரியார் சுற்றிக்கொண்டு வந்து, பிளம்பரின் தோளைத் தொட்டார்.

“எழுந்திருங்க. என் இடத்துல போய் உட்காருங்க.”

“ஐயோ சாமி, மன்னிக்கிற அதிகாரம் எனக்கு ஏது?”

“கேக்க ரெண்டு காது இருக்குல்ல? உட்காருங்க.”

கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குறுகலான நாற்காலியில் பிளம்பர் உடம்பைத் திணித்துக்கொண்டார். வலைக்கு இந்தப் பக்கம் பாதிரியார் முழங்காலிட்டார்.

“அண்ணே, அன்னைக்குக் கோயில்ல யாரும் இல்லைன்னு நினைச்சேன். அங்கியைத் தூக்கிச் செருகிக்கிட்டு பந்து உதைச்சேன். ஒரே ஒரு உதைதான். அது நேரா ஆட்டுக்குட்டி தலையில போய்...”

“தெரியும் சாமி,” என்றார் பிளம்பர் கனிவாக. “கதவு திறந்துதான் கிடந்துச்சு, நாங்க ஏழு பேரும் பார்த்தோம். பிரசங்கத்தை எட்டே நிமிஷத்துல முடிக்கிற சாமியை ஆயர் மாத்திட்டுப் போயிட்டா, நாங்க என்ன பண்றது?”