எலும்பு விழுந்த தூரம்

மூன்றாவது ஞாயிறாகக் கேட்டுக்கு வெளியே, கோலத்தின் மேல் கோழி எலும்பு. இயற்பியல் டீச்சர் அஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருப்பருத்திக்குன்றத்துல, ஜெயின் வீட்ல குடியிருந்துக்கினு இதான் பண்ற வேலையா? இன்னைக்கே காலி பண்ணு."

"நாங்க போடல டீச்சர்," என்றான் முதல் மாடியில் குடியிருக்கும் சரத்குமார்.

"காக்கா போட்டிருக்கும், வுடும்மா," என்றார் கணவர் அப்பாண்டை.

"நீங்க சும்மா இருங்க. இப்பவே ப்ரூவ் பண்றேன்."

சரத்குமாரின் பால்கனியிலிருந்து புளியங்கொட்டைகளைப் பலங்கொண்ட மட்டும் நேராக வீசினாள். எல்லாமே கேட்டுக்கு உள்ளேயே விழுந்தன. அதே வேகத்தில் கோலத்தைத் தொட வேண்டுமானால் இன்னும் உயரத்திலிருந்து வீச வேண்டும்.

பல்லைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். மேலே மொட்டை மாடி மட்டும்தான்.

ஞாயிறுதோறும் அங்கே தனியாகத் தியானம் செய்யும் அப்பாண்டை, காக்கையைத் தேடுவதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.