நாலு விநாடி

போனில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க பழைய மேனேஜர் எங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கார் மேடம். விசாரிக்கறதுக்கு உங்க நம்பர்தான் குடுத்தார். ஆள் எப்படி?"

பழம் நழுவிப் பாலில் விழுவது என்றால் இதுதான்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவைப் பத்தொன்பது வருடம் நடத்தியவள் அவள். ஒரு தையல் பிசகினால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ஆட்குறைப்பில் வெளியே வந்து பதினாறு மாதம் ஆகிறது. பதினொரு இடத்தில் கடைசிச் சுற்று வரை போனாள். எல்லா இடத்திலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

வயதாகிவிட்டது, நம் கைவேலை துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து நினைத்து அழுதாள். சாப்பாடு பாதித் தட்டோடு நின்றுபோனது.

விசாரிப்பதற்கு இவள் எல்லா இடத்திலும் கொடுத்தது அந்தப் பழைய மேனேஜரின் நம்பரைத்தான். அக்காதான் சந்தேகப்பட்டாள். போன மாதம், ஏதோ கம்பெனியிலிருந்து பேசுவதுபோல் குரலை மாற்றிக்கொண்டு அந்த மேனேஜருக்கே போன் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து இவளும் கேட்டாள்.

நல்லாத்தான் வேலை செய்வாங்க, ஆனா... என்றார் மனிதர். மூன்று விநாடி மௌனம். பிறகு, சரி விடுங்க, நாம ஏன் சொல்லணும்.

அடப்பாவி! திட்டியிருந்தால் மறுத்துப் பேசலாம். சொல்லாததை யார் போய் மறுப்பது?

இப்போது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லவர்தான். ஆனா..."

ஒன்று, இரண்டு, மூன்று. வட்டிக்கு இன்னொன்று சேர்த்து, நாலு.

"சரி விடுங்க, நாம ஏன் சொல்லணும்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. இவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"அடடா. உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கறதாத்தான் பேச்சு மேடம். 'அந்தம்மாவை வேற யாரும் கொத்திட்டுப் போகாம எனக்குன்னு வச்சிருக்கேன், அவங்க இல்லாம எனக்கு ஓடாது'ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னார். உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூட ரெடி. அவர் இல்லேன்னா ரெண்டுமே கேன்சல். அந்த 'ஆனா' பெருசா ஒண்ணுமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்களேன்."

எனக்குன்னு வச்சிருக்கேன்.

பதினாறு மாதம், பரணில் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி.

கொஞ்சம் கோபக்காரர், வேறொன்றுமில்லை என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். இனி யார் வாசலிலும் ஃபைலோடு நிற்க வேண்டாம். அவர் மேஜைக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்து, அவர் கையெழுத்துக்கு இவள் வேலை செய்யலாம்.

அவள் எண்ணத் தொடங்கினாள். நாலு தாண்டியது. எட்டு தாண்டியது. பன்னிரண்டில் அந்தப் பக்கமே நன்றி சொல்லி வைத்துவிட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் போனில் என்று கேட்டாள். ஏதோ கம்பெனி, சரிப்படாது என்றாள் இவள்.

"சாப்பாடு போடுக்கா. பசிக்குது."

அன்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.