கண் திறக்காத சாமி

தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் எழும்பியிருந்த புதுக் குடிசைக்கு முன் பெரிய கங்காணி வந்து நின்றார். வாசலில் சூலம் நட்டிருந்தது. கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா வழிமறித்து நின்றாள்.

"யாரைக் கேட்டுக் கட்டுனீங்க? பிரிச்சுப் போடச் சொல்லி துரை உத்தரவு."

"மாரியம்மன் கோயிலுங்க. பிரிக்கிறவங்க மொதல்ல சூலத்தைப் பிடுங்கட்டும்."

கூட வந்த ஆட்கள் பின்வாங்கினார்கள்.

"சாமியக் காட்டு."

"இன்னும் கண் தொறக்கலீங்க. அதுக்கு முன்னாடி யாரும் பார்க்கக் கூடாது."

"கையெல்லாம் என்ன வெள்ளையா இருக்கு?"

"திருநீறுங்க."

கங்காணி செருப்பைக் கழற்றிச் சூலத்தைக் கும்பிட்டார். "துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று திரும்பிப் போனார்.

மறுநாள் அவர் பேத்தியோடு வந்தார். அவள் கக்கத்தில், கஹவத்தை டவுன் கடையில் வாங்கிய புதுச் சிலேட்டு.

"துரை பள்ளிக்கூடம்தான் கூடாதுன்னாரு. கோயில் இருக்கலாமாம்."

உள்ளே கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிலேட்டுகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். வெள்ளையம்மா வெண்கட்டியை முந்தானையில் மறைத்தாள்.

பேத்தியை உள்ளே அனுப்பிவிட்டுக் கங்காணி குரலைத் தாழ்த்தினார்.

"நெத்தியிலயும் கொஞ்சம் பூசிக்கோ, புள்ள. கையில மட்டும் திருநீறு இருந்தா துரைக்கே தெரிஞ்சுரும்."