பத்து நிமிட டீ

"யோவ் கெம்பையா, நிறுத்துய்யா! ஆள் ஓடி வர்றார்!"

முரளிதரன் ஜன்னல் வழியாகக் கத்தினார். ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் கெம்பையன் சாவகாசமாகக் கியரை மாற்றினார். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் கையாட்டிய ஆறுமுகசாமி, தொப்பை முன்னால் ஓட, தான் பின்னால் ஓடி வந்தார்.

இரண்டு மாதமாக இதே கூத்து.

அடுத்த ஸ்டாப் ஒரு கிலோமீட்டர். அங்கே கெம்பையன் இறங்கிப் பத்து நிமிடம் டீ குடிப்பார். ஆறுமுகசாமி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து ஏறிய பிறகுதான் டம்ளரை வைப்பார்.

"டீ குடிக்க நேரமிருக்கு, மனுஷனை ஏத்த நேரமில்லையா?" பஸ்ஸே கொதித்தது.

அநியாயத்தைக் கண்டால் முரளிதரனின் பேனா சும்மா இருக்காது. கெம்பையன் மேல் கம்பெனிக்கு ஒரு புகார் மனு தயாரானது. முப்பத்திரண்டு கையெழுத்து.

"வேலை போயிடும் கெம்பையா. ஏன் நிறுத்தலேன்னு சொல்லு."

"ஒண்ணும் இல்ல சார். ஆய்த்து, சரி, குடுத்துடுங்க."

திமிரைப் பாருங்கள்!

மத்தியானம் கேன்டீனில் கடைசிக் கையெழுத்துக்காக ஆறுமுகசாமியிடம் மனுவை நீட்டினார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, குடுத்துராதீங்க சார். நிறுத்தாதேன்னு சொன்னதே நாந்தானுங்க."

"என்னது?"

ஆறுமுகசாமி குரலைத் தாழ்த்தினார்.

"மனசுக்கு மாத்திரை சாப்பிடறனுங்க. இல்லீன்னா காதுக்குள்ள யாரோ வஞ்சுக்கிட்டே இருப்பாங்க. மாத்திரை போட்டா குரல் போயிருது, பசி வந்துருது. மைசூர்ப்பாகைப் பெட்டியோட முழுங்கத் தோணுது. ஒரே வருசத்துல இருபது கிலோ, சர்க்கரை வேற. மாத்திரையையே விட்டுப்போடலாம்னு இருந்தேன். அதை விடாதே, தினமும் நடன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. பஸ்ஸைக் கண்டா கை தானா ஆடிருது, நின்னா நான் ஏறிக்குவனுங்க. அதான் கெம்பையன்கிட்டச் சொல்லி வச்சேன்."

"எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே?"

"பைத்தியம்னு மெஷின் பக்கமே விடமாட்டீங்களே! யார்கிட்டயும் சொல்றதில்லேன்னு அவரு மாதேஸ்வரன் சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காரு. இப்ப நாலு கிலோ இறங்கிருச்சுங்க."

முரளிதரன் மனுவை நாலாகக் கிழித்தார். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, தண்ணீர்த் தொட்டி ஸ்டாப். ஆறுமுகசாமி கையாட்டினார். "நிறுத்துய்யா!" என்று மொத்த பஸ்ஸும் கத்தியதில் கெம்பையனின் கால் பிரேக்கைத் தேடியது.

"நிறுத்தாதீங்க கெம்பண்ணா! ரைட், போலாம்!"

கத்தியவர் முரளிதரன். பஸ் பறந்தது.

"இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றது பின் சீட்.

அடுத்த ஸ்டாப்பில் முரளிதரனும் இறங்கினார்.

"ரெண்டு டீ குடுப்பா. நல்லா கொதிக்கக் கொதிக்க. அவசரமே இல்லை."