மேடத்துக்கு எடுத்த அளவு

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாளைக்கு ஆபரேஷனுக்கு வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாள் தையல்காரி, ஊசியில் நூல் கோத்தபடி.

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா! மார்புல இருக்கிறது புற்றுநோய்க் கட்டி. என்னமோ பட்டன் அறுந்த மாதிரி பேசுறியே!"

"கத்தி பட்டா பரவிடுமாம். மேடம் குடுக்கிற சத்து மாத்திரையிலயே கரைஞ்சிடுமாம். மூணு மாசமா முழுங்குறேன், தெம்பாத்தானே இருக்கேன்?"

"கட்டி பெருசாயிட்டே வருதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே! ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இப்படி விளையாடுறியே!"

"டாக்டர் பயமுறுத்துவார். மேடம் எத்தனை பேரைக் குணப்படுத்தியிருக்காங்க தெரியுமா?"

சொல்லி வாய் மூடவில்லை, மாத்திரை மேடமே வந்து நின்றாள். கையில் பளபளவென்று புது உடுப்பு. மாத்திரைக் கம்பெனி விழாவில், அதிகம் விற்றதற்காக அவளுக்கு விருதாம்.

"சாயங்காலம் மேடையேறணும். இது தொளதொளன்னு இருக்கு, என் டெய்லர் கடையோ பூட்டிக் கிடக்கு. இந்தப் பழைய சட்டையை வெச்சுப் பார்த்துக் கொஞ்சம் பிடிச்சுக் குடு. டேப்பெல்லாம் வேண்டாம்."

"இது வேற வெட்டு மேடம், பழைய அளவு ஒத்து வராது. ரெண்டே நிமிஷம், உள்ளே வாங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மனதாகத் திரைக்குப் பின்னால் வந்தாள்.

தையல்காரி மார்பைச் சுற்றி டேப்பை இழுத்தாள். இடது பக்கம் பொசுக்கென்று உள்ளே அமுங்கியது. இருபது வருஷமாக அளவெடுக்கிற கை. உடம்பு எது, பஞ்சு எது என்று அதற்குத் தெரியாதா?

டேப்பைக் கீழே விட்டாள்.

"மேடம்... இது...?"

மேடத்தின் முகம் வெளிறியது. "மெதுவாப் பேசு. வெளியே தெரிஞ்சா என் பேரே கெட்டுடும். நாலு வருஷம் முன்னாடி எனக்கும் கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு."

"கத்தியே படக் கூடாதுன்னு சொன்னீங்களே!" என்றாள் தையல்காரி. "அந்த மாத்திரை அப்பவும் உங்க கையிலதானே இருந்துச்சு?"

மேடத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நல்லாக் கேட்டே போ! எனக்கு அப்போ சின்னச் சின்னப் பிள்ளைங்க. மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?"